நானோட்யூப் மூட்டை பிரிக்கும் தம்பிக்கு

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 29. சிப்காட்டில் பிளாஸ்டிக் குருணை தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக இருக்கிறேன். போன வருஷத்திலிருந்து ஒரு புதுக் கருப்புத் தூள் வருகிறது. மல்டிவால் கார்பன் நானோட்யூப் என்று பையில் எழுதியிருக்கிறது. மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குக்காகச் சேர்க்கிறார்களாம். பையைப் பிரித்து, எடை போட்டு, ஹாப்பரில், அதாவது எந்திரத்தின் புனல் வாயில், கொட்டுவது என் வேலை. தூள் ரொம்ப லேசாக இருக்கும், கொட்டும்போது புகை மாதிரி எழும்பும். துணி மாஸ்க் கட்டிக்கொள்வேன். மூக்கைச் சிந்தினால் கருப்பாக வருகிறது. இருமல், இளைப்பு எதுவும் இல்லை. சிகரெட் பழக்கமும் இல்லை. போனில் தேடினால் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி இதிலும் புற்றுநோய் வரும் என்று இருக்கிறது. சூப்பர்வைசரைக் கேட்டால், "வெறும் கரித்தூள்தான்பா, டயர் கம்பெனியில் டன் கணக்கில் கொட்டுகிறார்கள்" என்கிறார். பக்கத்திலேயே வெல்டிங் வேலையும் நடக்கிறது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றும் சொல்கிறார். மனைவி மாசமாக இருக்கிறாள். என் சட்டையைத் துவைப்பது அவள்தான். அவள் பூசும் சன்ஸ்கிரீனில் நானோ என்று போட்டிருந்ததால் அதையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன். என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? வேலையை விட்டுவிடலாமா? என் பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஷிப்டிலிருந்து துணி மாஸ்க்கோடு அந்தப் பையைப் பிரிக்காதீர்கள். அதற்காக, ஒரு வருஷம் பிரித்துவிட்டோமே, எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். உங்களுக்கு நோய் எதுவும் இருப்பதாக இந்தக் கடிதத்தில் அறிகுறி இல்லை. போனில் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது. சூப்பர்வைசர் சொன்னதில் அந்தப் பாதி கூட இல்லை. ஏன் என்று விளக்குகிறேன். விஷயம் புரிந்தால்தான் கம்பெனியில் உங்களால் தைரியமாகப் பேச முடியும்.

மூக்கிலிருந்து கருப்பாக வருகிறது என்று பயந்திருக்கிறீர்கள். அப்படி வெளியே வருவது மூக்கிலேயே மாட்டிக்கொண்ட தூள். மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் பெரிய தூசியைப் பிடித்துச் சளியில் ஒட்ட வைக்கின்றன. குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண் மயிரிழைகள் அந்தச் சளியை ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. சிந்தியோ, காறியோ, விழுங்கியோ அதை வெளியேற்றிவிடுகிறோம். ஆகவே கருப்புச் சளி நுரையீரல் நிறைந்துவிட்டதற்கு அடையாளம் அல்ல. நீங்கள் மூச்சு விடும் இடத்தில் தூள் பறக்கிறது, உங்கள் மாஸ்க் அதைத் தடுக்கவில்லை என்பதற்கான அடையாளம். என் கவலை அதைப் பற்றித்தான்.

ஏனென்றால் மூக்கில் மாட்டாத தூளும் இருக்கிறது. நுரையீரலின் கடைசியில் காற்று நுண்ணறைகள் சுமார் 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவு. பிராணவாயு நொடியில் கடந்து போக வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது. அந்த நுண்ணறைகளுக்குள் சளியும் கிடையாது, மயிரிழைகளும் கிடையாது. விழுங்கு செல்கள் மட்டும்தான் காவல். உள்ளே விழுந்த துகளை அவை விழுங்கிக் கரைக்கும், அல்லது மெதுவாகச் சுமந்து மேலே கொண்டுபோகும். கரையாத துகளாக இருந்தால் இந்த வேலை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இழுக்கும்.

10 மைக்ரான் தூசி பெரும்பாலும் மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும். 2 அல்லது 3 மைக்ரானுக்கு வந்தால் அடிவரை போகும். நானோ என்பது 100 நானோமீட்டருக்கும் கீழே, அதாவது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை உள்ளிழுத்தால் கிட்டத்தட்ட பாதி நுண்ணறைகளிலேயே படிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் நானோட்யூப், அதாவது கார்பனால் ஆன மிக நுண்ணிய குழாய், தனித்தனியாகப் பறப்பது குறைவு, சிக்குப் பிடித்த சிறு உருண்டைகளாகத்தான் பறக்கும். ஆனால் அந்த உருண்டைகள் மிக லேசானவை. ஒரு மைக்ரானிலிருந்து சில மைக்ரான் வரை உள்ள அவை தரையில் இறங்காமல் நெடுநேரம் மிதக்கும், அடி நுரையீரல் வரை போகவும் செய்யும். கொட்டும்போது நீங்கள் பார்த்த "புகை" அதுதான்.

உள்ளே போனபின் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் குந்தர் ஓபர்டார்ஸ்டர் குழுவினர் 1990-களில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பெயின்ட்டில் போடும் அதே டைட்டானியம் டை ஆக்சைடு, இரண்டு அளவுகளில். ஒன்று 250 நானோமீட்டர், இன்னொன்று 20. காற்றில் எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சிறிய துகளைச் சுவாசித்த எலிகளின் நுரையீரலில் அழற்சி அதிகமாக வந்தது, நீண்ட நாள் நின்றது, தூள் வெளியேறுவதும் தாமதமானது. ஒரே எடையுள்ள பொருளை நுணுக்க நுணுக்க அதன் மேற்பரப்பு கூடிக்கொண்டே போகிறது. செல்லோடு உரசுவது மேற்பரப்புதான். ஒரு கிராம் எடையில் 200 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நானோட்யூப் வகைகள் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. போதாததற்கு, இதைத் தயாரிக்க இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களை வினையூக்கியாகப் போடுகிறார்கள். அதில் மிச்சம் தூளிலேயே தங்கிவிடும். கோபால்ட்டும் நிக்கலும் சிலருக்கு ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் கொடுப்பவை. ஆகவே "கார்பன்தானே" என்பது முழுக் கணக்கு ஆகாது.

இப்போது ஆஸ்பெஸ்டாஸ் கேள்விக்கு வருகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பெஸ்டாஸ் ஏன் ஆபத்தானது? அது ரசாயன விஷம் என்பதால் அல்ல. மெல்லியது, நீளமானது, விறைப்பானது, கரையாதது. இந்த நான்கும் ஓர் இழையில் சேர்ந்தால் விழுங்கு செல்லால் அதை முழுதாக விழுங்க முடியாது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று மாட்டிக்கொண்டு அந்தச் செல் தன் அமிலங்களையும் நொதிகளையும் சுற்றிலும் கொட்டிவிடும். வருஷக்கணக்கில் அது நடந்தால் தழும்பு உண்டாகும், பிறகு சிலருக்குப் புற்றுநோய். 2008-ல் எடின்பரோவில் கென் டொனால்ட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் வயிற்றுக்குள் நானோட்யூப்களைச் செலுத்திப் பார்த்தார்கள். நீளமானவை ஆஸ்பெஸ்டாஸ் செய்த அதே விதமான புண்ணைச் செய்தன. குட்டையாகவும் சிக்காகவும் இருந்தவை அப்படிச் செய்யவில்லை. 2011-ல் ஜப்பானின் நகோயாவில் தடிமனை வைத்துச் சோதித்தார்கள். சுமார் 50 நானோமீட்டர் தடிமனுள்ள விறைப்பான குழாய்கள் எலிகளுக்குக் கொடிய கட்டியை உண்டாக்கின. பின்னிப் பிணைந்த மெல்லியவையும், 150 நானோமீட்டர் தடிமனானவையும் அவ்வளவு மோசமில்லை.

இதெல்லாம் ஊசியால் செலுத்திய சோதனைகள். சுவாசிக்க வைத்த சோதனையும் ஜப்பானில் நடந்தது, 2016-ல் முடிவு வெளியானது. எம்டபிள்யூஎன்டி-7 என்கிற விறைப்பான வகையை எலிகள் நாளுக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள், 2 வருஷம் சுவாசித்தன. நுரையீரல் புற்றுநோய் கூடியது. ஆனால் ஆஸ்பெஸ்டாஸுக்கே உரிய அந்த நுரையீரல் உறைக் கட்டி அந்தச் சோதனையில் வரவில்லை. இந்த முடிவு வருவதற்கு முன்பே, 2014-ல், உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோனில் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை இந்த ஒரு வகையை மட்டும் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்திருந்தது. மற்ற நானோட்யூப்களை வகைப்படுத்தப் போதுமான சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. அது குற்றமற்றது என்ற தீர்ப்பு அல்ல, வழக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

மின்கடத்தும் பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் போடுவது மெல்லிய, சிக்கான வகை. 10 நானோமீட்டர் சுற்றி இருக்கும். உங்கள் பையில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த வகை ஆஸ்பெஸ்டாஸ் போல நடந்துகொள்ளும் வாய்ப்பு குறைவு. ஆனால் நுரையீரலை அழற்றாமல் விடுவதும் இல்லை. ஜெர்மனியில் இந்த மெல்லிய வகையை எலிகளுக்கு 90 நாள் கொடுத்தபோது, கன மீட்டருக்கு வெறும் 0.1 மில்லிகிராமிலேயே நுரையீரலில் லேசான அழற்சி முடிச்சுகள் தெரிந்தன. ஆகவே உங்களுக்கு நான் முதலில் அஞ்சுவது புற்றுநோயை அல்ல, சத்தமில்லாமல் வரும் தழும்பை. தழும்பு விழுந்த இடம் மறுபடி மெத்தென்ற நுரையீரலாக மாறாது. அதனால்தான் முன்கூட்டியே இவ்வளவு பேசுகிறேன்.

மனிதர்களில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நானோட்யூப்பால்தான் புற்றுநோய் வந்தது என்று உறுதியான ஒரு நோயாளி கூட இதுவரை பதிவாகவில்லை. இது ஆறுதல்தான், ஆனால் பாதி ஆறுதல். ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ ஈஜிமா இந்தக் குழாய்களைப் பற்றி எழுதியதே 1991-ல். தொழிற்சாலைகளில் பெருமளவில் வந்தது இந்த நூற்றாண்டில். ஆஸ்பெஸ்டாஸ் நோய் வெளியே தெரிய 20 வருஷம் முதல் 40 வருஷம் வரை ஆகும். பிரிட்டனில் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் ஆஸ்பெஸ்டாஸ் தூசியைப் பற்றி எச்சரித்தது 1898-ல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உலகம் பிணத்தை எண்ணிக்கொண்டு காத்திருந்தது. இன்னொரு முறை அப்படிக் காத்திருக்க எந்த மருத்துவரும் சம்மதிக்கக் கூடாது.

வேறு நானோ தூள்களால் மனிதர்கள் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. நிக்கலை உருக்கித் தெளிக்கும் வேலை செய்த 38 வயது ஆரோக்கியமான ஒருவர் 13 நாளில் இறந்தார். அவருடைய நுரையீரலின் விழுங்கு செல்களில் 25 நானோமீட்டருக்கும் குறைவான நிக்கல் துகள்கள் இருந்தன. இன்னொருவர் இளம் வேதியியலாளர். நிக்கல் நானோ தூளை ஒன்றிரண்டு கிராம்தான் எடை போட்டார், அதுவும் காற்றை இழுக்கும் அறைப்பெட்டி இல்லாமல் திறந்த மேசையில். தொண்டை எரிச்சல், மூக்கடைப்பு, தோலில் ஒவ்வாமை என்று ஆரம்பித்து அந்த இடத்துக்கே திரும்ப முடியாத நிலை வந்துவிட்டது. எடை போடுவது உங்கள் வேலை என்பதால்தான் இதைச் சொல்கிறேன். கொட்டும்போது மாஸ்க் போட்டு, எடை போடும்போது கழற்றி வைப்பவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது சம்பவம் சீனாவில், 2009-ல் வெளியானது. ஒரு தெளிப்புப் பட்டறையில் வேலை செய்த 18 முதல் 47 வயது வரையிலான 7 பெண்களுக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தது, மூச்சுத்திணறல் வந்தது. இருவர் இறந்தார்கள். அவர்களின் நுரையீரலில் சுமார் 30 நானோமீட்டர் துகள்கள் தெரிந்தன. நானோவால்தான் என்று சொல்ல முடியாது, அங்கே பயன்பட்ட பிசின்களும் ஆவிகளும் காரணமாக இருக்கலாம் என்று பலர் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. நான் அதில் பார்ப்பது வேறு. ஜன்னல் இல்லாத அறை. காற்றை வெளியே இழுக்கும் கருவி பழுதாகி மாதக்கணக்கில் யாரும் சரிசெய்யவில்லை. குளிருக்காகக் கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். எந்தத் துகள் கொன்றது என்று விஞ்ஞானிகள் வாதிடலாம். அந்தக் கருவியைச் சரிசெய்திருந்தால் வாதிடவே வேண்டியிருந்திருக்காது.

"நானோ" என்று எழுதியிருப்பதெல்லாம் ஆபத்து என்றும் இல்லை. 2006-ல் ஜெர்மனியில் மேஜிக் நானோ என்ற குளியலறை ஸ்பிரேயை அடித்த நூறு பேர் அளவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. உலகம் முழுக்க நானோ மேல் பழி போட்டார்கள். அந்நாட்டின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சோதித்தபோது அதில் நானோ துகளே இல்லை. நுண்ணிய தெளிப்பாக அடித்ததுதான் வினையானது. உங்கள் மனைவியின் சன்ஸ்கிரீனுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். அது கிரீம். கிரீமில் இருக்கும் டைட்டானியமோ துத்தநாகமோ பறந்து நுரையீரலுக்குப் போகாது, காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளேயும் போவதில்லை. ஐரோப்பிய விஞ்ஞானக் குழு நானோ டைட்டானியம் வேண்டாம் என்று சொன்னது மூச்சில் போகக்கூடிய ஸ்பிரேக்களுக்கு. அவரிடம் சொல்லி வேறொன்று வாங்கிக் கொடுங்கள். வெயிலில் போகிறவருக்கு அது தேவை.

சூப்பர்வைசர் சொன்ன டயர் கம்பெனி கணக்கைப் பார்ப்போம். டயரில் போடும் கார்பன் பிளாக்குக்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 3.5 மில்லிகிராம். கார்பன் நானோட்யூப்புக்கு அதே நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது 1 மைக்ரோகிராம். இரண்டுக்கும் 3,500 மடங்கு வித்தியாசம். வேலை செய்யும் ஒருவர் 8 மணி நேரத்தில் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். அப்படியானால் ஒரு ஷிப்ட் முழுக்க மூச்சில் போகலாம் என்று அந்த வரம்பு அனுமதிப்பது 10 மைக்ரோகிராம். பொடி உப்பில் ஒரே ஒரு பரலின் எடை 60 மைக்ரோகிராம் போல வரும். அதில் ஆறில் ஒரு பங்கு! கண்ணுக்குத் தெரியும்படி கருப்பாக எழும்பும் தூள் இந்த வரம்பைத் தாண்டியிருக்கும் என்று சொல்ல எந்த மீட்டரும் தேவையில்லை. இந்த 1 மைக்ரோகிராமும் "இதற்குக் கீழே பயமில்லை" என்ற கோடு அல்ல. கருவியால் நம்பகமாக அளக்க முடிந்த குறைந்தபட்ச அளவு அது, அவ்வளவுதான். நம் நாட்டுச் சட்டத்தில் நானோட்யூப்புக்கென்று தனி வரம்பு எனக்குத் தெரிந்து இல்லை. எனவே "நாங்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை" என்று கம்பெனி சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் நுரையீரலுக்கு அந்தப் பதிலால் பயனில்லை.

வெல்டிங் செய்பவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். வெல்டிங் புகையில் இருப்பதும் பெரும்பாலும் நானோ அளவு உலோகத் துகள்கள்தான். அதை லியோன் முகமை 2017-ல் முதல் பிரிவுக்கே மாற்றிவிட்டது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. உங்கள் தூளைவிட அதற்குச் சான்று வலுவானது. பக்கத்தில் நிற்கும் அந்த அண்ணன்களுக்கும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? மாஸ்க்கைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். தூள் பறக்காமல் இருந்தால் எல்லாருக்கும் பாதுகாப்பு, மாஸ்க் போட்டால் போட்டவருக்கு மட்டும்தான். இதே நானோட்யூப்பைப் பிளாஸ்டிக்கோடு முன்பே கலந்து குருணையாக்கி மாஸ்டர்பேட்ச் என்று விற்கிறார்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் பறக்க எதுவும் இருக்காது. நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது இது. அது முடியாது என்றால், பையைப் பிரிப்பதும் எடை போடுவதும் மூடிய பெட்டிக்குள் நடக்க வேண்டும். பெட்டியிலிருந்து காற்றை இழுத்து, நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக விட வேண்டும். ஹாப்பர் வாயிலும் அப்படி ஓர் உறிஞ்சு குழாய் வேண்டும். சுவரில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் இதற்குப் போதாது. தூளை உங்கள் முகத்தைத் தாண்டித்தான் அது இழுத்துக்கொண்டு போகும்.

பழக்கத்திலும் சில மாற வேண்டும். காலிப் பையை மடித்து அமுக்கும்போது புஸ்ஸென்று ஒரு மேகம் வெளியே வருமே, நாள் முழுக்க நீங்கள் சுவாசிப்பதில் கணிசமான பங்கு அதிலிருந்தே வரலாம். பையை அமுக்காமல் சுருட்டி, இன்னொரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். துடைப்பம் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அல்லது ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம். ஷிப்ட் முடிந்து ஏர் கன் வைத்துச் சட்டையை ஊதிக்கொள்வது நம் பட்டறைகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. தரையில் அடங்கிக் கிடந்ததையும் துணியில் ஒட்டிக் கிடந்ததையும் மறுபடி மூக்குக்கு நேராகக் கொண்டுவரும் வேலை அது. நீங்களும் செய்யாதீர்கள், பக்கத்தில் யாரையும் செய்ய விடாதீர்கள்.

மாஸ்க்குக்கு வருகிறேன். நானோ துகள் அவ்வளவு சின்னது, எந்த மாஸ்க்கையும் தாண்டிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. மிகச் சிறிய துகள்கள் நேர்கோட்டில் போகாமல் காற்று மூலக்கூறுகளால் மோதப்பட்டு அங்குமிங்கும் அலையும், அப்படி அலையும்போது ஃபில்டர் இழையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல என்-95 அல்லது ஐஎஸ் 9473 முத்திரையுள்ள எஃப்எஃப்பி2 அவற்றைப் பிடிக்கும். உங்கள் வேலைக்கு இரண்டு பக்கமும் பி-100 ஃபில்டர் போட்ட அரைமுக ரப்பர் மாஸ்க் இன்னும் மேல். தோற்பது ஃபில்டர் அல்ல, ஓரம். கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும். தாடி இருந்தால் படியாது. காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றி இரண்டு பட்டை உள்ளது நன்றாகப் படியும். துணி மாஸ்க்கும் ஆபரேஷன் தியேட்டர் மாஸ்க்கும் இதற்கானவை அல்ல.

வீட்டு விஷயம். 1965-ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைக்கே போகாத, ஆனால் அங்கே வேலை செய்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த சிலருக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கே உரிய அந்தக் கட்டி வந்திருந்தது தெரிந்தது. உடையில் ஒட்டி வந்த தூசிதான் காரணம். நானோட்யூப்பில் அப்படி எவருக்கும் ஆனதாகப் பதிவு இல்லை. உங்கள் மனைவிக்கோ வயிற்றில் இருக்கும் குழந்தைக்கோ இதுவரை துவைத்ததால் கெடுதல் வந்திருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், மாசமாக இருப்பவரைப் பயத்தில் வைக்கக் கூடாது. ஆனால் இனிமேல் வேலைச் சட்டை வேலையிடத்திலேயே இருக்கட்டும். அங்கேயே துவைக்கக் கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும். அது நடக்கும்வரை, உதறாமல் பையில் போட்டுக் கொண்டுவந்து, நீங்களே தண்ணீரில் நனைத்து, தனியாக அலசுங்கள். கை, முகம், தலை கழுவிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

டெஸ்ட் என்று கேட்டால், உடம்பில் நானோட்யூப் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. அப்படி ஒன்றை யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் சோதனையும், முடிந்தால் டிஎல்சிஓ என்கிற வாயுப் பரிமாற்றச் சோதனையும் இப்போது எடுத்து வையுங்கள். ஒரு மார்பு எக்ஸ்ரே. இவை அநேகமாக இயல்பாகத்தான் இருக்கும். நோயைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல, அடுத்தடுத்த வருஷங்களில் ஒப்பிட ஓர் ஆரம்பக் கணக்கு வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். சி.டி. ஸ்கேன் இப்போது வேண்டாம். வறட்டு இருமல் மூன்று வாரம் நீடித்தாலோ, படி ஏறும்போது முன்பு இல்லாத இளைப்பு வந்தாலோ, லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடும் இழுப்பு இருந்தாலோ உடனே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். என்ன தூளில் வேலை என்பதை நீங்களாகவே சொல்லுங்கள், பலர் கேட்க மாட்டார்கள். வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்று பட்டறைகளில் சொல்வது உண்டு. அவை போவது வயிற்றுக்கு, தூள் இருப்பது நுரையீரலில். பசிக்குச் சாப்பிடுங்கள், பாதுகாப்புக்கு நம்பாதீர்கள்.

வேலையை விடலாமா என்பதற்கு, இப்போதே விடாதீர்கள் என்பதுதான் என் பதில். வீட்டில் பிரசவம் வரப்போகிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதைக் கைவிட இது நேரமல்ல. பிரித்துக் கொட்டும் இடத்திலிருந்து, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் பக்கமோ பேக்கிங் பக்கமோ மாற்றிக் கேளுங்கள். தூள் பிளாஸ்டிக்கில் உருகிக் கலந்துவிட்ட பிறகு ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் உங்கள் இடத்தில் இன்னொரு பையன் அதே துணி மாஸ்க்கோடு வந்து நிற்கக் கூடாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகப் போய், எழுத்தில் கொடுங்கள். பேசிப் பார்த்தும் ஒன்றும் அசையவில்லை என்றால், தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் புகார் கொடுக்கலாம். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் அந்த உரிமை குறையாது. அதற்குப் பிறகும் மாறாத இடம் என்றால், வேறு வேலை கையில் வந்ததும் கிளம்பிவிடுங்கள், அப்போது யோசிக்க வேண்டாம்.

நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்தத் தூளுக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று கட்டாயம் இருக்கும், ஸ்டோரிலோ பர்ச்சேஸிலோ கேளுங்கள். 3-ஆம் பகுதியில் உலோக மிச்சம் என்ன, எவ்வளவு என்று பாருங்கள். 9-ஆம் பகுதியில் குழாயின் தடிமனும் நீளமும் இருக்கலாம். 8-ஆம் பகுதியில் வரம்பு என்ற இடத்தில் கார்பன் பிளாக்கின் அளவையோ கிராஃபைட்டின் அளவையோ எழுதியிருந்தால், அது உங்கள் பொருளுக்கான அளவு அல்ல. அந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் 1 மைக்ரோகிராம் என்று எழுதி, சூப்பர்வைசரிடம் கொடுங்கள். தாளைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பினால் உங்கள் தூள் எந்த வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.